தொலைவிலிருந்து ஒரு தசைப் பயிற்சி

இருமினாலும் தும்மினாலும் பெண்கள் சிலருக்குத் தம்மையறியாமல் சிறுநீர் கசிகிறது. ஏன் தெரியுமா?

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில், முன்னெலும்பு முதல் வாலெலும்பு வரை, தூளி கட்டியதுபோல் தசைகள் அமைந்துள்ளன. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குபவை இவையே. பிரசவத்தின்போது இவை மிகவும் விரிந்து தளரக்கூடும். இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. தளர்ந்த தசைகளால் சிறுநீர் வழியை இறுக மூட முடிவதில்லை.

தசையைப் பயிற்சியால் வலுப்படுத்தலாம் அல்லவா? 1948-இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் இதற்கான பயிற்சியை விளக்கினார். இத்தசைகளை உள்நோக்கி மேலே இழுத்து, சில நொடிகள் நிறுத்தி, பிறகு தளர்த்த வேண்டும். நாள்தோறும், மாதக்கணக்கில் செய்ய வேண்டும்.

இங்கே மருந்தும் இல்லை, கத்தியும் இல்லை. கற்பித்தலும் விடாமுயற்சியுமே சிகிச்சை. ஆகவே தொலைவிலிருந்தும் கற்பிக்கலாம். சுவீடனின் ஊமியோ பல்கலைக்கழகத்தார் 'டேட்' என்னும் கைப்பேசிச் செயலியை உருவாக்கினர். இத்தொல்லையுள்ள 123 பெண்களை இரு குழுக்களாக்கி, ஒன்றுக்கு மட்டும் அதை அளித்தனர். 3 மாதங்களில் அக்குழுவில் கசிவு, மற்றக் குழுவைவிடத் தெளிவாகக் குறைந்தது.

ஆனால் சிலர் மேலே இழுப்பதற்குப் பதில் கீழே முக்கிவிடுவர். திரையில் இது தெரியாது. நேரில் சோதித்தே திருத்த வேண்டும்.

வெட்கத்தால் பலர் மறைக்கும் இத்தொல்லை, தசையின் தளர்ச்சியே. வாய்விட்டுச் சொன்னால் வழி உண்டு.