வீட்டுத் தரை ஏன் தாழ்கிறது?

கழுவிவிட்ட நீர் வடிகால் வாயை நாடாமல் கூடத்தின் நடுவே தேங்கி நிற்பதும், சுவருக்கும் தரைக்கும் இடையே விரல் நுழையும் சந்து தோன்றுவதும் பல வீடுகளில் காணக்கூடியவை. உடனே கொத்தனாரை அழைத்துப் பள்ளத்தில் சிமெண்டுக் கலவையை நிரப்பி, மேலே புதிய தளவோடுகளைப் பதித்துவிடுகிறோம். ஓரிரு மழைக்காலம் சென்றபின் அதே இடம் மீண்டும் தாழ்கிறது. தரை தானாகத் தாழ்வதில்லை; அதனைத் தாங்குவது எதுவோ அது விலகுகிறது. புதிய கலவை அதன்மேல் பாரத்தைக் கூட்டுகிறதேயன்றி வேறு பயன் தருவதில்லை.

நிலத்தின்மேல் அமைந்த தரைக்கு முதற்பகை, அஸ்திவாரச் சுவர்களுக்கு நடுவே கொட்டப்படும் மண்ணே. அம்மண்ணை ஒரு சாணுக்கு மேற்படாத படைகளாகப் பரப்பி, நீர் தெளித்து, ஒவ்வொரு படையையும் திமிசு கொண்டு இடிக்க வேண்டும். அவசரத்தில் கட்டுவோர் உடைந்த செங்கல், மரத்துண்டு, குப்பை யாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டி மூடிவிடுகின்றனர். மரத்துண்டு மக்குகிறது, கறையானையும் அழைக்கிறது. பெருச்சாளி வளை தோண்டினால் அவ்வளவு மண்ணும் வெளியேறுகிறது. குளியலறைக் குழாய் ஒன்று உள்ளே கசிந்தாலோ, நுண்மணல் நீரோடு நழுவிவிட, தளம் வெறும் பொந்தின்மேல் நிற்கிறது. கட்டையால் தட்டினால் எழும் வெற்றோசை இதனை அறிவிக்கும்.

தக்காணத்திலும் மாளவத்திலும் நிலமே குற்றவாளியாவதுண்டு. ஆங்கிலேயர் கரிசலைப் பருத்தியின் பெயரால் அழைத்தனர். நாம் நிறத்தால் அழைக்கிறோம். வீடு கட்டுவோன் கவனிக்க வேண்டியதோ அதன் வெடிப்பு. மாரியில் அது நீரை உண்டு பொங்குகிறது. கோடையில் சுருங்கிப் பிளக்கிறது. சுவரோரம் பொங்கி எழும்ப, நடுத்தரை தாழ்ந்ததுபோலத் தோன்றுதலும் உண்டு. ரூர்க்கியில் 1947-இல் தோன்றிய மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் இதற்கென ஒரு முறையைப் பரப்பியது. சுமார் 3.5 மீட்டர் ஆழத்திற்குக் கீழே பருவ மாறுதல் அநேகமாக எட்டுவதில்லை. அவ்வாழம் வரை தூண் இறக்கி, அதன் அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலமுள்ள குமிழை அமைத்தால் வீடு அசையாது நிற்கும்.

ஒரு வீட்டார் என்ன செய்தும் தீராத நிலையும் உண்டு. உத்தரகண்டின் ஜோஷிமட் நகரில் 2023 ஜனவரியில் 800-க்கு மேற்பட்ட கட்டிடங்களில் விரிசல் காணப்பட்டது. குடும்பங்கள் வீடு துறந்து வெளியேறின. அவ்வூர் பழைய நிலச்சரிவின் குவியல்மேல் நிற்பது என்பதை 1976-ஆம் ஆண்டிலேயே மிஸ்ரா குழு கூறியிருந்தது.

மாடித்தரையின் கதை வேறு. கல்கத்தாவின் பழைய வீடுகளில் மர உத்திரங்களின்மேல் குறுக்குச் சட்டங்களை அடுக்கி, ஓடும் சுண்ணாம்புக் காரையும் பரப்பித் தளம் அமைத்தனர். உத்திரத்தின் நடுப்பாகம் திடமாகத் தோன்றும். சுவருக்குள் புதைந்த முனையோ ஈரத்தால் உளுத்திருக்கும். பார்க்க வேண்டிய இடம் அந்த முனையே. கான்கிரீட் தளத்தில் உள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பருத்துக் காரையைப் பெயர்க்கிறது. இவற்றினும் கொடியது மனிதன் செய்வது: கடைக்கு இடம் வேண்டுமெனக் கீழ்த்தளத்துச் சுமைதாங்கும் சுவரை இடிப்பது, தளம் தாங்குமா என்று கேளாமல் தொட்டி வைப்பது. 1,000 லிட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதைப் பலர் எண்ணுவதில்லை.

தாழ்வு நின்றுவிட்டதா, தொடர்கிறதா என்பதே முதலில் அறியத்தக்கது. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைக் காரையால் ஒட்டித் தேதியை எழுதிவையுங்கள். அது உடைந்தால் அசைவு நிற்கவில்லை. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடியபின்னும் நீர்மானியின் முள் நகர்ந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைத்து, மண் உலர்ந்த பின்னரே தரையைப் பெயர்த்து இடித்து நிரப்புதல் தகும். மாடித்தளம் கண்ணுக்குத் தெரியத் தொய்ந்து, காரை உதிரத் தொடங்கினால், கொத்தனாருக்குக் காத்திராமல் அவ்வறையையும் அதன் கீழறையையும் ஒழித்துவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.