மகன் வெல்டிங் படிக்கிறானா? கண்ணையும் மூச்சையும் கவனியுங்க!

ராத்திரி இரண்டு மணி. நல்லபடியாகச் சாப்பிட்டுவிட்டுப் படுத்த மகன் திடீரென்று எழுந்து உட்கார்ந்துகொண்டு, "அம்மா... கண்ணைத் திறக்கவே முடியலைம்மா! மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது!" என்று அலறுகிறான். லைட்டைப் போட்டால் அலறல் இன்னும் அதிகமாகிறது. இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. தாரை தாரையாகக் கண்ணீர்.

"சாயங்காலம் நல்லாத்தானே இருந்தான்... யார் கண் பட்டுதோ!" என்று அம்மா பதற, அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ தேடி ஓட... அப்புறம்தான் பையன் மெதுவாக வாயைத் திறக்கிறான். "மத்தியானம் கிளாஸ்ல ரெண்டு மூணு தடவை ஷீல்டு இல்லாம வெல்டிங்கைப் பார்த்துட்டேன்ப்பா..."

வெல்டிங் படிக்கிற பிள்ளைகள் உள்ள வீடுகளில் என்றாவது ஒரு ராத்திரி நடக்கிற காட்சிதான் இது. உங்கள் வீட்டில் இன்னும் நடக்கவில்லை என்றால், நடக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கட்டுரை!

பட்டறை வேலை இல்லை, படிப்பு!

'வெல்டிங்கா? அது பட்டறை வேலையாச்சே' என்று முகம் சுளித்த காலம் மாறிவிட்டது. ஐ.டி.ஐ.யில் ஒரு வருட வெல்டர் பயிற்சி முடித்த பையன்கள், அதற்கு மேலும் படிக்கிறார்கள். 2013-ல் யு.ஜி.சி. சமுதாயக் கல்லூரித் திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் ஊரில் 'கம்யூனிட்டி காலேஜ்' என்றால் சட்டென்று புரியும். இப்படிப்பட்ட கல்லூரிகள், தனியார் பயிற்சி மையங்கள் என்று கைத்தொழிலைக் கற்றுத்தர இன்று பல கதவுகள் திறந்திருக்கின்றன.

வெல்டிங் என்றதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது திருச்சிதான். அங்குள்ள 'பெல்' தொழிற்சாலையில் பாய்லர் செய்கிறார்கள். 1975-ல் அங்கேயே வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. பாய்லர் குழாயில் ஒரு ஜாயிண்ட் சரியில்லை என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால், 1950-ம் வருடத்து இந்திய பாய்லர் ஒழுங்குமுறை விதிகளின்படி பரீட்சை எழுதி, கையால் செய்து காட்டித் தேறியவர்தான் அந்த வேலையைத் தொடமுடியும்.

உயர்நிலைப் பயிற்சி என்றால் என்ன? மேஜைமேல் வைத்த இரும்புத் தகட்டை ஒட்டுவது முதல் படி. கடைசிப் படிகளில் ஒன்று 'சிக்ஸ் ஜி'. ஒரு பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவைத்துவிடுவார்கள். பையன்தான் அதைச் சுற்றிவந்து, குனிந்து, நிமிர்ந்து, தலைக்கு மேலேயும் முழங்காலுக்குக் கீழேயும் ஒட்டவேண்டும். ஒட்டிய இடத்துக்கு எக்ஸ்-ரே எடுப்பதும் உண்டு. மனுஷனுக்கு எடுப்பதுபோலவே! உள்ளே ஒரு சின்னக் காற்றுக்குமிழி இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பெருமையான படிப்புதான். ஆனால், பைப்புக்கு எக்ஸ்-ரே எடுக்கிற இடத்தில் பையனின் கண்ணையும் நெஞ்சையும் யார் பார்க்கிறார்கள்? அதை நாம்தான் கேட்கவேண்டும்.

கண்ணுக்கு வெயில்!

முதலில் கண் விஷயம். வெயிலில் நாள் முழுக்க நின்றால் தோல் கன்றிப்போகிறது இல்லையா? அதேபோல வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புற ஊதாக் கதிர், கருவிழியின் மேல்தோலைக் கன்றவைத்துவிடுகிறது. இதில் ஒரு சூழ்ச்சி உண்டு. பட்ட உடனே வலி தெரியாது. பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துதான் ஆரம்பிக்கும். மத்தியானம் பட்டது நடுராத்திரியில் எழுப்புவது அதனால்தான்.

பயப்படவேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு நாளில் தானாகவே ஆறிவிடும். அதுவரை அறையை இருட்டாக்குங்கள். சுத்தமான துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வையுங்கள். காண்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். கண்ணைக் கசக்கவிடாதீர்கள். காலையில் கண் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

'தாய்ப்பால் விட்டா சரியாயிடும்', 'நந்தியாவட்டைப் பூவை வை', 'விளக்கெண்ணெய் ஒரு சொட்டு' என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எதையும் கண்ணுக்குள் விடவேண்டாம். தோல் கன்றிய கருவிழியில் கிருமி சேர்ந்தால் புண்ணாகிவிடும். வலி போனதற்குக் காரணம் நாளாக ஆக ஆறியதுதான், பூ இல்லை!

இன்னொரு எச்சரிக்கை. கண்ணை மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை மருந்துக் கடையில் வாங்கி விட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உடனே சொர்க்கம்போல இருக்கும். ஆனால், திரும்பத் திரும்ப விட்டால் புண் ஆறாமல் கருவிழியே கெட்டுப்போகும். டாக்டர் சொல்லாமல் எந்தச் சொட்டு மருந்தும் கூடாது.

இரண்டு நாளாகியும் வலி தீரவில்லை, பார்வை மங்குகிறது, அல்லது கிரைண்டிங் செய்யும்போது பொறி பறந்து கண்ணில் விழுந்தது என்றால், வீட்டு வைத்தியம் வேண்டாம். புடவைத் தலைப்பால் எடுக்கப்பார்க்காமல் நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

"நான் வெல்டிங்கே பண்ணலை, பக்கத்துல நின்னேன், அவ்ளோதான்!" என்று சொல்கிற பையனுக்கும் இது வரும். அடுத்தவன் வெல்டிங் செய்வதை வேடிக்கை பார்த்தாலே போதும். அதனால்தான் நல்ல பயிற்சிக்கூடங்களில் ஒவ்வொரு பையனுக்கும் திரை போட்டுத் தனித்தனித் தடுப்பு வைத்திருப்பார்கள்.

பால் குடித்தால் புகை போகுமா?

சாயங்காலம் பையன் வீட்டுக்கு வருகிறான். உடம்பெல்லாம் வலி, குளிர் நடுக்கம், காய்ச்சல். நாக்கில் ஏதோ இரும்பைச் சப்பியதுபோல் ஒரு ருசி. 'ஃப்ளூ' என்று நினைத்து மாத்திரை கொடுக்கிறோம். இரண்டு நாளில் சரியாகிவிடுகிறது. அன்றைக்கு ஜி.ஐ. பைப்பை ஒட்டினானா என்று கேட்டுப் பாருங்கள். ஜி.ஐ. பைப்பின் மேல்பூச்சு துத்தநாகம். சூட்டில் அது வெண்புகையாகக் கிளம்பும். அதை இழுத்தால் சில மணி நேரத்தில் இப்படிக் காய்ச்சல் வரும். சில நாள் லீவு விட்டுத் திரும்பப் போகிறவர்களுக்கு அதிகம் வருவதால் இதற்குத் 'திங்கட்கிழமைக் காய்ச்சல்' என்றே பெயர் உண்டு.

சூட்டிகையான பையன் மேல்பூச்சைச் சுரண்டிவிட்டுத்தான் ஒட்ட ஆரம்பிப்பான். அப்படிச் சொல்லித்தருகிறவர்தான் நல்ல ஆசிரியர்.

பட்டறைகளில் இதற்குப் பால் குடிக்கச் சொல்வார்கள். வெல்லம், வாழைப்பழம் கொடுப்பவர்களும் உண்டு. எல்லாம் நல்ல சாப்பாடுதான், தாராளமாகக் கொடுங்கள். ஆனால், நுரையீரலுக்குள் போன புகையை வயிற்றுக்குள் போகிற பால் எப்படிக் கழுவும்? இரண்டும் வேறு வேறு பாதை! 'பால் குடிச்சிட்டேன், இனி பயமில்லை' என்று நினைப்பதுதான் ஆபத்து. மூச்சுத்திணறலோ நெஞ்சில் இறுக்கமோ இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போங்கள். சில உலோகப் புகைகள் முதலில் சாதாரணக் காய்ச்சல் மாதிரி ஆரம்பித்து, அப்புறம் நுரையீரலில் நீர் கோக்க வைத்துவிடும்.

இது அன்றாடத் தொல்லை. நாள்பட்ட தொல்லை வேறு. எஸ்.எஸ். என்று நாம் சொல்லும் எவர்சில்வர் ரகத்தை ஒட்டும்போது குரோமியம், நிக்கல் கலந்த புகை வரும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2017-ல், வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்தது. வெல்டிங் செய்கிற எல்லோருக்கும் புற்றுநோய் வரும் என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு புகை, எத்தனை வருஷம் என்பதைப் பொறுத்தது. கூடவே பீடி, சிகரெட்டும் சேர்ந்தால் நுரையீரலுக்கு இரட்டை அடி.

ஃபேன் ஏன் ஓடவில்லை?

இங்கேதான் உயர்நிலைப் பயிற்சியின் முக்கியமான சிக்கல் இருக்கிறது. கவனமாகப் படியுங்கள்.

சாதாரண ராடு வெல்டிங்கில் புகை கண்ணுக்குத் தெரியும். ஆர்கான் வெல்டிங்கில் புகை குறைவு. 'சுத்தமான வேலை' என்று பையன்களே சொல்வார்கள். ஆனால், புகை மறைக்காததால் வெளிச்சம் இன்னும் கடுமையாக அடிக்கும். கழுத்து, சட்டைக் காலர் திறந்த இடமெல்லாம் கன்றிப்போகும். அந்தக் கதிர் காற்றில் பட்டு, தொண்டையை அரிக்கும் ஓசோன் வாயுவும் உண்டாகும்.

அதோடு, காற்று அடித்தால் ஆர்கான் வாயு கலைந்துவிடும். ஜாயிண்டில் குமிழி விழும். எக்ஸ்-ரேயில் பையன் ஃபெயில்! அதனால் சில இடங்களில் ஃபேனை நிறுத்தி, கதவையும் சாத்திவிடுகிறார்கள். பைப் காப்பாற்றப்படுகிறது. பிள்ளையின் மூச்சு?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. புகையைப் பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சி எடுக்கும் குழாய், அதாவது ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு சக்ஷன் இருந்தால் வாயுவும் கலையாது, புகையும் மூக்குக்கு வராது. சுவர் உச்சியில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை மாட்டிவிட்டு 'எல்லாம் இருக்கு' என்றால் போதாது. புகை, பையனின் மூக்கைத் தாண்டித்தானே அந்த ஃபேனுக்குப் போகவேண்டும்?

இன்னும் ஒன்று, உயிர் போகிற விஷயம். ஆர்கானுக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. காற்றைவிடக் கனமானது. பள்ளத்திலும் தொட்டிக்குள்ளும் சேர்ந்துகொண்டு பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். உள்ளே தலையை விட்டவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது. அப்படியே சாய்ந்துவிடுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் விழுவார். 'தொட்டிக்குள்ளே தனியா இறங்காதே, காற்றைச் சோதிக்காம இறங்காதே, எவனாவது விழுந்தா ஆளைக் கூப்பிடு, நீ குதிக்காதே' என்று இந்த மூன்றையும் வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுங்கள்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்

ஃபீஸ் கட்டப்போகிற அன்று ஆபீஸ் ரூமோடு திரும்பிவிடாதீர்கள். வெல்டிங் கூடத்தைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் பார்ப்பது நல்லது.

* தடுப்புகளுக்கு நடுவே திரை இருக்கிறதா? புகையை உறிஞ்சும் குழாய் இருக்கிறதா? இருப்பது ஓடுகிறதா?

* தலையில் மாட்டும் ஹெல்மெட் ஆளுக்கு ஒன்று உண்டா? ஆர்க் வெல்டிங்குக்குக் கறுப்புக் கண்ணாடி பொதுவாக 10-லிருந்து 13-ம் நம்பர் வரை இருக்கவேண்டும். கூலிங் கிளாஸ் எந்தக் காலத்திலும் போதாது.

* கிரைண்டிங் செய்யத் தனிக் கண்ணாடி தருகிறார்களா?

* ஆர்கான் வெல்டிங்குக்கு எந்த டங்ஸ்டன் ராடு? முனையில் சிவப்பு அடையாளம் இருந்தால் அதில் தோரியம் இருக்கும். லேசான கதிரியக்கம் உள்ளது. அதைத் தீட்டும்போது வரும் தூள் மூக்கில் போகக்கூடாது. தோரியம் இல்லாத ராடுகளும் கிடைக்கின்றன.

* புகைக்கு ஏற்ற மாஸ்க் கொடுக்கிறார்களா? மூக்கில் கட்டும் கைக்குட்டை இந்தப் பொடிப்புகையைத் தடுக்காது.

கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்கிற இடமாக இருந்தால், வேறு இடம் பாருங்கள்!

வீட்டில் நம் பங்கு

சேர்க்கும் முன்பே கண் பரிசோதனையும், ஊதிப் பார்க்கும் நுரையீரல் டெஸ்டும் செய்து ரிப்போர்ட்டைப் பத்திரப்படுத்துங்கள். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பையனுக்கு ஆஸ்துமா இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் சேருங்கள்.

முழுக்கைக் காட்டன் சட்டை எடுத்துக்கொடுங்கள். பாலியஸ்டர் வேண்டாம். பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பேண்ட் நுனியை மடித்துவிட்டால் பொறி அதற்குள் விழும். வியர்வையில் நனைந்த கையுறையோடு வெல்டிங் செய்தால் ஷாக் அடிக்கும். மாற்றுவதற்கு ஒரு ஜோடி பையில் இருக்கட்டும். வெயில் காலத்தில் கூடம் அனலாகக் கொதிக்கும். உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொடுத்தனுப்புங்கள்.

வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். வந்ததும் குளித்துவிட்டுத்தான் வீட்டில் உள்ள குழந்தையைத் தூக்கவேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. கண் வலித்தால் பையன் உங்களிடம் சொல்லவேண்டும். 'இதுக்குத்தான் அப்பவே சொன்னேன், இந்தப் படிப்பு வேணாம்னு!' என்று ஒருமுறை திட்டிவிட்டால், அடுத்த முறை அவன் போர்வைக்குள்ளேயே அழுதுவிட்டுப் பேசாமல் போய்விடுவான். கூடப் படிக்கிறவர்களும் 'கண்ணு வலிக்காத வெல்டர் உண்டாடா?' என்று கேலி செய்வார்கள். உண்டு! ஷீல்டைச் சரியாகப் பிடிக்கிறவன்தான் அவன்.

பயிற்சிக் காலத்தில் படிகிற பழக்கம்தான் கடைசிவரை வரும். ஷீல்டு போட்டுப் பழகிய பையன் எந்த ஊர் வேலைக்குப் போனாலும் போடுவான். இன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்ததும், "எத்தனை ஜாயிண்ட் போட்டே?" என்று கேட்பதோடு, "இன்னிக்கு சக்ஷன் ஓடிச்சாப்பா?" என்றும் கேட்டுப் பாருங்களேன்!