குடிப்பது அவர்... கூட்டத்துக்குப் போக வேண்டியது நாமும்தான்!



வீட்டில் ஒருவர் குடித்தால் அவரைத் திருத்த நாம் செய்யாதது உண்டா? சாமிக்கு நேர்ந்துகொள்வோம், மந்திரித்துக் கயிறு கட்டுவோம், பிள்ளை தலைமேல் கை வைத்துச் சத்தியம் வாங்குவோம். ஆனால், அந்த மனுஷனோடு குடித்தனம் நடத்தியே ஓய்ந்துபோன நமக்கென்று ஒரு கூட்டம் நடக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

குடியை விட நினைப்பவர்களுக்கான 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு (ஏ.ஏ. என்பார்கள்) 1935-ல் அமெரிக்காவில் ஏக்ரான் என்ற ஊரில் பிறந்தது. பில் என்ற பங்குத் தரகரும், பாப் என்ற டாக்டரும் ஆரம்பித்தது. இரண்டு பேருமே குடியால் சீரழிந்து, ஒருவருக்கொருவர் துணையாக நின்று மீண்டவர்கள். பில்லின் மனைவி லோயிஸ் கதைதான் நமக்கு முக்கியம். கணவர் குடியை விட்டாயிற்று, இனி நிம்மதிதானே? ஆனால் ஒரு நாள், கூட்டத்துக்குக் கிளம்பச் சொல்லி அவர் அவசரப்படுத்தியதும், லோயிஸ் தன் ஷூவைத் தூக்கி அவர் மேல் எறிந்துவிட்டாராம்! அத்தனை வருஷமாக அடக்கி வைத்த ஆத்திரம். குடிப்பவருக்கு மட்டுமல்ல, கூட வாழ்ந்தவளுக்கும் வைத்தியம் தேவை என்று அவருக்குப் புரிந்தது. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்காக அவர் முன்நின்று 1951-ல் தொடங்கியதுதான் 'அல்-அனான்'.

சென்னையில் என் தங்கைக்குத் துணையாக இந்தக் கூட்டத்துக்கு நானும் போய் வந்தேன். "குடிக்கிறது அவரு, நான் எதுக்குக்கா போகணும்?" என்று அழுதவள்தான் அவள். ஒரு பள்ளிக்கூட அறை. பத்துப் பன்னிரண்டு பெண்கள். கட்டணம் கிடையாது, முடிந்தவர்கள் கொடுப்பதில் வாடகை, டீச்செலவு நடக்கிறது. பேரை மட்டும் சொன்னால் போதும். ஊர், உத்தியோகம், ஜாதி எதுவும் கேட்பதில்லை. சர்ச் அறையில் நடக்கும் கூட்டங்களும் உண்டு; அதற்காக அதை மதக் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒருவர் பேசும்போது மற்றவர்கள் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதும் இல்லை. பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் கண்டிப்பான விதி.

அங்கே திரும்பத் திரும்பக் காதில் விழும் விஷயம் மூன்று: அவர் குடிப்பதற்கு நாம் காரணம் இல்லை. அதை நம்மால் அடக்கி வைக்கவும் முடியாது. நாமே குணப்படுத்தவும் முடியாது. 'நீ சரியா இருந்தா அவன் ஏன் குடிக்கிறான்?' என்று மாமியார் வீட்டில் பேச்சு வாங்கியவளுக்கு, இந்த முதல் வாக்கியம் எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

அடுத்து, கைகொடுப்பதாக நினைத்துக் குடியை வளர்க்காமல் இருப்பது. ஆபீசுக்குப் போன் செய்து 'அவருக்கு ஜுரம்' என்று பொய் சொல்வது, வளையலை அடகு வைத்துக் குடிக்கடனை அடைப்பது, இதெல்லாம் நின்றால்தான் தன் குடியின் விலை அவருக்கே உறைக்கும். இதைச் சண்டை போட்டுச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா செய்யாமல் இருந்தால் போதும். அதற்காக அடி உதையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கை நீட்டினால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணுக்கு உடனே பேசுங்கள். 2005-ல் வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் நமக்காகத்தான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. 'அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். டைசல்பிரம் போன்ற மாத்திரை உள்ளே போனது தெரியாமல் அவர் குடித்தால் வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அதேபோல, பல வருஷமாகத் தினமும் நிறையக் குடிப்பவரை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லி அறைக்குள் பூட்டி வைப்பதும் கூடாது. இரண்டு மூன்று நாளுக்குள் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். டாக்டர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும்.

கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலோ, அருகில் உள்ள குடி மீட்பு மையத்திலோ, 'குடும்பத்தினர் கூட்டம் எங்கே, எந்தக் கிழமை?' என்று கேளுங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் யோசனை கேட்கலாம். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. குடியால் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கியது. 1992-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர் அவர். அங்கே குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகிறார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று 'அலட்டீன்' என்ற பிரிவும் அல்-அனானில் உண்டு.

என் தங்கை வீட்டுக்காரர் இன்னும் முழுசாக விடவில்லை. இரண்டு தடவை ஏ.ஏ. கூட்டத்துக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவள் இப்போது ராத்திரி தூங்குகிறாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிட்டு ஓடுவதில்லை. அவர் திருந்தும் வரை நம் வாழ்க்கையை நிறுத்தி வைக்க வேண்டுமா, என்ன? ஒரு ஆறு வாரம் போய்ப் பாருங்கள். அப்புறம் உங்களுக்கே தெரியும்.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சென்னை.