கோதுமைக் குலை நோயின் பூர்வீகம் அறிந்த விதம்

நெற்பயிரில் காணும் குலை நோயை அறியாத மிராசுதார் இல்லை. கதிரின் கழுத்து கறுத்து, மணி பிடிக்காமல் கதிர் வெளுத்து நிற்பதே அதன் அடையாளமாகும். 2016-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வங்காள தேசத்துக் கோதுமை வயல்களில் இதே போன்ற சேதம் திடீரெனத் தோன்றியது. சில வாரங்களுக்குள் சுமார் 15,000 ஹெக்டேர் நிலம் இதற்கு இலக்காயிற்று. அந்நாட்டுக் கோதுமையில் அதற்கு முன் இந்நோய் கண்டதில்லை.

நெல்லின் குலை நோய்ப் பூசணமே கோதுமைக்குத் தாவியதா, அல்லது அயல்நாட்டிலிருந்து வேறு வகை புகுந்ததா என்பதே அப்போது எழுந்த கேள்வி. இரண்டும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாதலால், வித்துக்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து இவற்றைப் பிரித்தறிவது அரிது. ஆனால் பரிகாரமோ விடையைப் பொறுத்தது. உள்ளூர் நெல்லிலிருந்து வந்ததாயின் நெல் வயல்களைக் கவனிக்க வேண்டும். அயல்நாட்டுச் சரக்காயின் விதையையும் எல்லையையும் காக்க வேண்டும்.

ஆகவே நோயுற்ற இலைகளைச் சேகரித்து, அவற்றிலிருந்த ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருளை எடுத்து, அதன் எழுத்து வரிசையை இயந்திரங்களால் படித்தனர். ஜமாபந்தியில் பட்டாவைக் கணக்குடன் ஒத்துப் பார்ப்பது போல, இவ்வரிசை முன்னரே அறிந்த பூசண வகைகளின் வரிசைகளுடன் ஒப்பிடப்பட்டது. விவரங்கள் யாவர்க்கும் வெளியிடப்பட்டதால், பல நாட்டு விஞ்ஞானிகளும் ஒருங்கே ஆராய்ந்தனர். அது நெல்லின் பூசணமன்று. 1985-இல் பிரேஸில் தேசத்துப் பரானா மாகாணத்தில் முதலில் காணப்பட்ட கோதுமைக் குலை நோயின் வம்சமே என்று அவ்வருஷத்திலேயே தெளிவாயிற்று.

2018-இல் ஆப்பிரிக்காவின் ஸாம்பியா நாட்டிலும் இந்நோய் தோன்றிற்று. அங்கும் அதே வம்சமே தனியாக வந்து புகுந்தது என்பதை மரபணுச் சோதனை காட்டியது. இவ்வம்சத்தை எதிர்க்கவல்ல மரபணு ஒன்று கோதுமையில் உண்டு என்பதும் இவ்வாராய்ச்சியால் புலனாயிற்று. வங்காள தேசத்தில் 2017-இல் வெளியிடப்பட்ட ‘பாரி கோம் 33’ என்ற கோதுமை ரகம் இந்நோயைத் தாங்குவதாகும்.

எந்தப் பயிரிலும் புதிய குறி தோன்றினால், வழக்கமான நோயென்று எண்ணி மருந்து தெளித்துக் காலங் கடத்தலாகாது. நோயுற்ற செடிகளை விவசாய இலாகாவினரிடம் தாமதமின்றிக் காட்டுவதும், அவ்வயலின் தானியத்தை விதைக்கு எடுக்காதிருப்பதும் அவசியமாகும். கிராம அதிகாரிகள் இதைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம். சத்துருவின் ஊரும் பேரும் தெரிந்தாலன்றோ காவல் வைக்க இயலும்?