ஒரே கூரையின் கீழ் பீடமும் குழியும்
கல்லாவோ குகைக்கு ஒரு பயணம்

பிலிப்பைன்ஸ் நாட்டிற்குச் செல்வோர் பெரும்பாலும் மணிலா மாநகரையும் கடற்கரைகளையும் கண்டு திரும்பிவிடுகின்றனர். லூசோன் தீவின் வடகிழக்கே, தலைநகரிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவில் உள்ள துகெகராவ் நகரை நாடிச் செல்வோர் சிலரே. இரவுப் பேருந்தில் ஏறினால் சுமார் பன்னிரண்டு மணி நேரம். விமானத்தில் ஒரு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதல். அந்நகரையும் அதன் அருகிலுள்ள குகையையும் கண்டு வருவோர், மனித குலத்தைப் பற்றிய ஒரு கேள்வியையும் உடன் சுமந்து வருவர் என்பது உறுதி.

துகெகராவ், ககயான் மாநிலத்தின் தலைநகரம். 1999இல்தான் அது மாநகரத் தகுதி பெற்றது. நாட்டின் மிக நீளமான ஆறாகிய ககயான், இப்பள்ளத்தாக்கை வளப்படுத்தி ஓடுகிறது. கிழக்கே சியெரா மாத்ரே மலைத்தொடர் மதிலென நிற்கிறது. நெல்லும் சோளமும் விளையும் பூமி இது, வெயிலோ கடுமையானது. 1912ஆம் ஆண்டிலும் 1969ஆம் ஆண்டிலும் இங்கு 42.2 பாகை வெப்பம் பதிவாயிற்று. ஆகவே நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை செல்வதே நலம். அதற்கு முந்திய மாதங்கள் புயலுக்கும் வெள்ளத்திற்கும் உரியவை. 2020 நவம்பரில் இப்பள்ளத்தாக்கையே மூழ்கடித்த பெருவெள்ளத்தை இங்குள்ள மக்கள் எளிதில் மறப்பாரல்லர்.

நகரின் நடுவே செங்கல்லால் எழுந்து நிற்கிறது புனித இராயப்பர் சின்னப்பர் பேராலயம். சாமிநாதர் சபைத் துறவியர் 1760களில் எழுப்பிய ஆலயம் இது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1945இல், குண்டுவீச்சால் சிதைந்து பின்னர் புதுப்பிக்கப்பெற்றது. 1910இல் மறைமாவட்டமாகவும் 1974இல் உயர்மறைமாவட்டமாகவும் உயர்ந்த துகெகராவின் தாய்க்கோயில் இதுவே. வழிபாடு முடிந்து வெளியே வந்தால் சிற்றுண்டிச் சாலைகளில் 'பன்சித் பத்தில் பதுங்' என்னும் உணவு காத்திருக்கும். கோதுமை நூடுல்ஸின் மேல் எருமை இறைச்சியும் காய்கறியும் முட்டையும் இட்டு, முட்டை கலக்கிய சூப்பையும் பக்கத்தில் வைத்துத் தருவர். உழைப்பாளிகளின் உணவு, ஒரு தட்டு உண்டால் மாலை வரை பசி தோன்றாது.

184 படிகள்

நகரிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தொலைவில் பெனியாபிளாங்கா என்னும் ஊர் உள்ளது. 'வெள்ளைப் பாறை' என்பது அச்சொல்லின் பொருள். சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த இவ்வூரில் 300க்கும் மேற்பட்ட குகைகள் உண்டு என்பர். அவற்றுள் பெயர் பெற்றது கல்லாவோ. பினாகனவான் ஆற்றங்கரையிலிருந்து 184 படிகள் ஏற வேண்டும். முதியோர் இடையிடையே நின்று மூச்சு வாங்கி ஏறுவது நன்று.

உள்ளே அடுத்தடுத்து ஏழு அறைகள். உட்புற அறைகளுக்குச் செல்ல வழிகாட்டியும் கைவிளக்கும் வழுக்காத காலணியும் தேவை. ஆனால் நம் கால்கள் முதல் அறையிலேயே நின்றுவிடுகின்றன. மேற்கூரையில் இயற்கையாக ஏற்பட்ட திறப்பு வழியே பகலொளி இறங்குகிறது. அவ்வொளியில் ஒரு பீடமும் மக்கள் அமரும் பலகைகளும் தெரிகின்றன. மனிதர் கட்டாத இக்கெபியை அவ்வூர் மக்கள் சிற்றாலயமாக்கிக்கொண்டனர். நீர் சொட்டும் ஓசையே அங்குப் பாடகர் குழு.

அதே குகையின் வாயிலருகே வேறொன்றும் உண்டு: தொல்லியலார் தோண்டிய குழி.

மண்ணுக்குள் கிடைத்த பாத எலும்பு

பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அர்மாண்ட் மிஹாரெஸ் என்பார் 2003இல் இங்கு அகழ்ந்தபோது ஓரளவு ஆழத்தோடு நிறுத்திக்கொண்டார். மறு ஆண்டு இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவில் குள்ளமான பழங்கால மனித இனம் ஒன்று கண்டறியப்பட்டதாகச் செய்தி வந்தது. 'நாமும் இன்னும் ஆழமாகத் தோண்டியிருக்க வேண்டுமோ?' என்னும் எண்ணம் அவரை 2007இல் மீண்டும் குகைக்கு அழைத்து வந்தது. அவ்வாண்டு கிடைத்த விலங்கெலும்புகளைப் பிரித்துப் பார்த்த பிலிப் பைப்பர் என்னும் அறிஞர், அவற்றினிடையே மனிதப் பாத எலும்பொன்றைக் கண்டார்.

பின்னர் 2011இலும் 2015இலும் மேலும் பல கிடைத்தன. ஏழு பற்கள், கை விரல் எலும்புகள் இரண்டு, பாத எலும்புகள் மூன்று, தொடையெலும்பின் துண்டு ஒன்று என மொத்தம் பதின்மூன்று. இவை குறைந்தது மூவருடையவை. அவர்களுள் ஒருவர் சிறு பிள்ளை. பற்கள் மிகச் சிறியவை. விரல் எலும்புகளோ மரமேறும் பழங்கால உயிர்களுடையவை போல் வளைந்தவை. முன்பு அறியப்பட்ட எவ்வினத்தோடும் இவை பொருந்தாமையால், 2019இல் 'ஹோமோ லூசோனென்சிஸ்' எனப் புதுப்பெயர் இடப்பட்டது. பாத எலும்பு 67,000 ஆண்டுப் பழமையது என முதலில் கணித்தனர். 2023இல் வெளியான ஆய்வோ அவ்வெலும்புகள் ஏறத்தாழ 1,34,000 ஆண்டுகளுக்குக் குறையாதவை எனக் கூறிற்று.

லூசோன் தீவு அக்காலத்தில் பெருநிலத்தோடு இணைந்திருந்ததில்லை. அவர்தம் முன்னோர் கடலை எவ்வாறு கடந்தனர்? எவரும் அறியார். எலும்புகளிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்க முயன்றும் இயலவில்லை.

அஞ்ச வேண்டுமா?

பீடத்தின் முன் முழந்தாளிட்டவர் சிலருக்கு இக்குழி நெருடலாகத் தோன்றலாம். 'படைப்பைப் பற்றி நாம் கற்றது என்னாவது?' என்று பிள்ளைகள் வினவினால் பெற்றோர் என் சொல்வர்?

பிள்ளைகளை அதட்டி அடக்குதல் தகாது. மனித உடலின் தோற்றத்தை அறிஞர் ஆராய்வதற்குத் தடையில்லை, ஆன்மாவோ இறைவனால் நேரடியாகப் படைக்கப்படுவது என்று 1950லேயே திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் தெளிவுபடுத்தினார். பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்திற்கு மேற்பட்டது என 1996இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஏற்றுரைத்தார். குகையில் வாழ்ந்த அம்மூவர் எதை நினைத்தனர், எவரை நம்பினர் என்பதை எலும்பு சொல்லாது. அது மண்வெட்டியின் வேலையும் அன்று. மண்வெட்டி தன் வேலையை நேர்மையாகச் செய்கிறது. உண்மையைத் தேடும் அந்நேர்மை பீடத்திற்குப் பகையாவதெங்ஙனம்? போதுமென்று நின்ற இடத்திலிருந்து இன்னும் ஆழமாகச் செல்லத் துணிந்த அவ்வறிஞர், வழிபடுவோர்க்கும் நல்லதொரு பாடம் கற்பிக்கிறார்.

படியிறங்கி ஆற்றுக்கு வந்தால், அந்தி வேளையில் ஓடத்திலமர்ந்து காண வேண்டிய காட்சி ஒன்று உண்டு. ஆற்றோரப் பாறைக் குகையொன்றிலிருந்து வௌவால்கள் கணக்கின்றிப் புறப்பட்டு, வானில் கரிய நாடா போல் நெளிந்து செல்லும். ஓடக்காரரும் துடுப்பை நிறுத்தி அண்ணாந்து நோக்குவர்.

அந்தப் பெயரறியாப் பிள்ளையும், தாயின் அருகே நின்று, இவ்வாற்றின் மேல் இருள் கவிவதை ஒருநாள் நோக்கியிருக்கக்கூடும். அடுத்த முறை அக்குகையில் செபிப்போர், அப்பிள்ளையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளட்டும்.