எண்ணெய் எங்கிருந்து சொட்டுகிறது?

பிரிஞ்சாங் மக்களுக்கு லேண்ட் ரோவரைப் பற்றி நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பழைய டீசல் வண்டிகள் இன்னும் மேடேறிக்கொண்டுதான் இருக்கின்றன. நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டாத லேண்ட் ரோவர் உண்டா என்று கேலி பேசுவோரும் உண்டு. செங்குத்தான பாதையில் ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு அது வேடிக்கையல்ல. எண்ணெய் குறைந்திருக்கும்போது வண்டி சாய்ந்து ஏறினால், அடித்தொட்டியிலுள்ள உறிஞ்சுகுழாய் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும். பேரிங்குகள் உலர்ந்து தேய்ந்து, என்ஜின் இறுகி நின்றுவிடும்.

சொட்டுவது எது என்று முதலில் பார்ப்போம். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள்; பிள்ளைகள்கூட இதைச் செய்யலாம். காலையில் கறை கறுப்பாக இருந்தால் அது என்ஜின் எண்ணெய். டீசல் என்ஜினில் புது எண்ணெயும் விரைவில் கறுத்துவிடும். பழுப்பாகக் கெட்டியாக இருந்து, கந்தக வாடை அடித்தால் கியர் எண்ணெய். நீர்த்து, டீசல் வாடை அடித்தால் டீசல் குழாயைப் பாருங்கள்.

அடுத்தது கசியும் இடம். பலர் ஏமாறுவது இங்கேதான். எண்ணெய் கீழே வழியும். விசிறிக் காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுமிடம் வேறு, கசியுமிடம் வேறு. என்ஜின் நன்றாக ஆறியபின், மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுங்கள். பிறகு சிறிது தூரம் ஓட்டி, நிறுத்தி, டார்ச் விளக்கால் மேலிருந்து கீழாகத் தேடுங்கள். ஈரம் தெரியும் இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதுவே கசிவிடம்.

பல வண்டிகளில் அது மேல்மூடியின் கேஸ்கெட்டாக இருக்கும். உடனே ஸ்பேனரை எடுத்து முறுக்கு முறுக்கென்று முறுக்குவது நம்மவர் வழக்கம். கேஸ்கெட் நசுங்கி, மூடி வளைந்து, கசிவு கூடுவதுதான் மிச்சம். பழையதைச் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் சுத்தம் செய்து, புதியதை வைத்து அளவோடு முறுக்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியை மாற்றியதும் கசிந்தால், பழைய ரப்பர் வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த சீலையும் மாற்றுமுன் பிரீதர் குழாயைக் கவனியுங்கள். பிஸ்டன் வளையங்களைத் தாண்டி வரும் புகை வெளியேற அதுதான் வழி. அது அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல் வழியாகவும் எண்ணெய் பிதுங்கும். புது சீல் போட்டும் கசிகிறதே என்று அலுத்துக்கொள்பவர்கள் முதலில் இந்தக் குழாயைக் கழற்றிக் கழுவட்டும்.

என்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில், அடியில் ஒரு துளை உண்டு. அங்கே கறுப்பு எண்ணெய் சொட்டினால் கிராங்க் தண்டின் பின்சீல் போய்விட்டது. கியர் எண்ணெய் என்றால் கியர்பெட்டியின் முன்சீல். சில கெட்டிக்காரர்கள் துளையையே திருகு போட்டு அடைத்துவிடுகிறார்கள்! அந்தத் திருகு ஆற்று நீரில் இறங்கும்போது மட்டும் போடுவதற்கு. நிரந்தரமாக அடைத்தால் எண்ணெய் உள்ளே தேங்கி, கிளட்சில் படியும். கிளட்ச் வழுக்கினால் மேட்டில் வண்டி ஏறாது. இறக்கத்தில் என்ஜினின் பிடிப்பும் கிடைக்காது. இந்த சீலை மாற்றக் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டும். அதைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள்.

அதுவரை தினமும் காலையில், சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து எண்ணெய் அளவைப் பாருங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு சரியாக இராது. வடித்த பழைய எண்ணெயை டின்னில் சேர்த்துப் பட்டறையில் கொடுங்கள். கால்வாயில் கொட்டினால் அது பெர்த்தாம் ஆற்றில் கலந்து, ரிங்லெட் நீர்த்தேக்கம் வரை போகும்.