“மார்க் எவ்வளவு?” என்பதுதானா முதல் பேச்சு? ஷிப்ட் வீடுகளில் பிள்ளைகள் வாய் திறக்க வழி!

நெய்வேலி:-

ராத்திரி ஷிப்ட் முடித்து அப்பா வீடு திரும்பும் நேரத்தில் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக் கொண்டிருக்கும். அது புறப்பட்டதும் அப்பா படுத்து விடுவார். “உஷ்! அப்பா தூங்கறாங்க, சத்தம் போடாதே” — லீவு நாட்களில் நெய்வேலி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்குப் பழகிப்போன வசனம் இது.

1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1962-ல் அனல் மின்நிலையம் மின்சாரம் தர ஆரம்பித்தது. சுரங்கமும் கொதிகலனும் ராத்திரி, பகல் பார்ப்பதில்லை. மூன்று ஷிப்டும் ஓடியாக வேண்டும். அடிபடுவது வீட்டுப் பேச்சு. கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் அப்பா கேட்பது என்ன? “மார்க் எவ்வளவு?”, “ஹோம் ஒர்க் முடிச்சியா?”, “செல்போனைக் கீழே வை!” பேச்சா இது? விசாரணை! போலீஸ் ஸ்டேஷனில்கூட உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்பார்கள்.

பக்கத்து வீட்டுப் பையன்

டவுன்ஷிப்புக்கென்று இன்னொரு தொல்லையும் உண்டு. வேலை பார்ப்பது ஒரே நிறுவனம், குடியிருப்பது ஒரே வட்டம். பிளஸ்-2 ரிசல்ட் காலையில் வந்தால், யார் பிள்ளை எத்தனை மார்க் என்பது சாயங்காலத்துக்குள் கேன்டீன் வரை போய்விடும். “அவனும் நீயும் ஒரே கிளாஸ்தானே? அவனைப் பாரு!” என்று ஆரம்பித்தால் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அப்படி மூடிய வாய், நாளைக்கு எவனாவது மிரட்டினாலும், யாராவது தப்பாக நடந்துகொண்டாலும் வீட்டில் திறக்காது. ஆபத்து அங்கேதான்.

கெட்டிக்காரப் பட்டம்

சரி, திட்டாமல் பாராட்டினால் போதுமா? அதிலும் சூட்சுமம் இருக்கிறது. 1998-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளியானது. கரோல் டுவெக் உள்ளிட்ட உளவியல் நிபுணர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். போட்டு முடித்ததும் சிலரை “நீ கெட்டிக்காரன்” என்றும், சிலரை “நல்லா உழைச்சிருக்கே” என்றும் பாராட்டினார்கள். அடுத்து கஷ்டமான புதிர்கள் வந்தன. கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் சீக்கிரம் துவண்டு போனார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களோ விடாமல் முயன்றார்கள்!

பள்ளி ஆசிரியராக இருந்து உளவியல் நிபுணரான ஹெய்ம் கினாட் 1965-லேயே ஒரு புத்தகத்தில் இதே வழியைக் காட்டினார். நடந்த காரியத்தைச் சொல்லலாம், பிள்ளையின் குணத்துக்குத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. “நீ உருப்படவே மாட்டே” என்பதற்குப் பதில், “எந்தக் கணக்குல இடறிச்சு? கொண்டா பார்ப்போம்” என்றால் நோட்டுப் புத்தகம் தானாக வரும். அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாவிட்டாலும் குற்றமில்லை!

ராத்திரி ஷிப்ட் வாரத்தில் பேச நேரமே இல்லையா? சாப்பாட்டு மேஜையில் ஒரு துண்டுச் சீட்டு போதும். “நேத்து மேட்ச்ல யாரு ஜெயிச்சது?” என்று எழுதி வைத்துவிட்டுப் படுக்கலாம். பதிலையும் பிள்ளை எழுதி வைக்கும். அதில் எழுத்துப் பிழை திருத்தாமல் இருப்பது அப்பாவின் சாமர்த்தியம்.

வீட்டில் சொல்ல முடியாத ஆபத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக 1098 என்ற போன் நம்பர் இருக்கிறது. ரிசல்ட் நேரத்தில் மனம் ஒடிந்தவர்கள் 14416-க்குப் பேசலாம். காலண்டர் பக்கத்தில், பிள்ளை கண்ணில் படும்படி இரண்டையும் எழுதி ஒட்டி வைக்கலாம்.